உயர்நிலைப் பள்ளியில் எழுத்தறிவும் கலையும் : கற்றல் நோக்கங்கள் குறித்து ஒரு பார்வை

முன்னுரை

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்ததும் முதலாமாண்டு மாணவர்க்கு நாம் ஒரு சிறு பயிற்சி வைப்பது வழக்கம். அன்றைய நாளிதழில் ஒரு பத்தியைத் தேர்ந்து, ஒருவரை எழுப்பி, வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். படித்தபின் அதன் பொருளைத் தம் சொற்களில் கூறச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு எழுந்த மாணவர் ஒருவர், மேனிலைத் தேர்வில் தமிழில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெற்றவர். வாக்கியம் முடிந்த இடத்தில் நிறுத்தாமலும், முடியாத இடத்தில் நிறுத்தியும் அவர் படித்தார். பொருள் கேட்டபோது நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "இது எங்களுக்கு நடத்தாத பாடம், ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.

அம்மாணவர் கூறிய விடையில் பொய் யாதும் இல்லை. படித்தல் என்பது, ஆசிரியர் நடத்தியதைத் திரும்பச் சொல்லுதல் என்றே பத்தாண்டுக் காலம் அவருக்கு உணர்த்தப்பட்டிருந்தது. உணர்த்தியவர் வரிசையில் நாமும் உள்ளோம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நாம் நடத்தும் அகமதிப்பீட்டுத் தேர்வுகளிலும் சென்ற ஆண்டு வினாக்களே பெயர் மாறி வருகின்றன.

ஏறத்தாழ இதே காலப்பகுதியில், பள்ளிகளில் ஓவியப் பாடவேளையும் இசைப் பாடவேளையும் பெயரளவில் நின்றுவிட்டதையும் காண்கிறோம். கால அட்டவணையில் அவை உள்ளன. தேர்வு நெருங்கும்போது கணக்கிற்கும் அறிவியலுக்கும் சென்றுவிடுகின்றன. எழுத்தறிவு மெலிந்ததும் கலை ஒதுங்கியதும் தனித்தனி நிகழ்வுகள் எனப் பலர் கருதுவர். அவை இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதும், உயர்நிலைப் பள்ளியில் இவ்விரண்டிற்கும் கற்றல் நோக்கங்களை ஒருசேர வகுத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நோக்கம் என்பது யாது?

பாடப்பொருள் வேறு, கற்றல் நோக்கம் வேறு. 'சிலப்பதிகாரம், அரங்கேற்று காதை' என்பது பாடப்பொருள். 'அக்காதையைப் படித்த மாணவர் எதனைச் செய்ய வல்லவராவார்?' என்னும் வினாவிற்கான விடையே நோக்கம். முன்னது ஆசிரியர் நாட்குறிப்பில் முடிந்துவிடும். பின்னது மாணவரிடத்தில் காணப்பட வேண்டும். 'பாடம் முடிந்தது' என்று ஆசிரியர் எழுதும் நாளில் மாணவர் கற்றலைத் தொடங்கியேயிராமல் இருத்தலும் கூடும்.

கல்வி நோக்கங்களை வகைதொகை செய்தவருள் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குறிப்பிடத்தக்கவர். 1956ஆம் ஆண்டில் அவர் தலைமையில் வெளிவந்த பகுப்பு, அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக்கியது. 2001இல் அதனைத் திருத்தியமைத்தோர் பெயர்ச்சொற்களை வினைச்சொற்களாக்கி, 'படைத்தல்' என்பதை உச்சிப் படியில் வைத்தனர். இப்பெயர்களை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிவர். ஆயினும் நம் வினாத்தாள்களில் பெரும்பகுதி முதற்படியிலேயே நின்றுவிடுகின்றது. மனப்பாடச் செய்யுள் எழுதுதல், நூற்பெயர் கூறுதல், பிரித்தெழுதுதல் ஆகியன வேண்டாதன அல்ல, அவை வாயிற்படிகள். வாயிற்படியிலேயே பத்தாண்டு உட்கார்ந்தவர்க்கு வீட்டின் உட்புறம் தெரியாது.

எழுத்தறிவின் எல்லை

எழுத்தறிவு என்பதற்கு யுனெஸ்கோ நிறுவனம் 1958இல் ஒரு வரையறை தந்தது. தம் அன்றாட வாழ்வு பற்றிய எளிய சிறு கூற்றொன்றைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிவுடையார் என்பது அதன் சாரம். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏழு வயதிற்கு மேற்பட்டோருள் யாதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவரையே எழுத்தறிவுடையார் என்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. இவ்விரு வரையறைகளிலும் 'பொருளுணர்ந்து' என்னும் ஒரு சொல் இருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அச்சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது எழுத்துக் கூட்டும் பழக்கம் மட்டுமே.

'யாதேனும் ஒரு மொழியில்' என்பதும் கருதத்தக்கது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறை நம் இல்லங்களில் நெடுநாள் வழங்கியது. அவ்வெழுத்தில் பாடலும் மருத்துவக் குறிப்பும் படித்த பாட்டிமாரைத் தமிழ் வரிவடிவம் தெரியாமை ஒன்றே காட்டிக் கல்லாதவர் என்றனர் சிலர். பொருளுணர்வே அளவுகோல் என்றால் அவர்கள் கற்றவர்கள். நாளிதழ் முன் வாயடைத்து நின்ற நம் மாணவர் இன்னும் கற்கவேண்டியவர்.

தொடக்கப் பள்ளியின் எழுத்தறிவு எளிய கூற்றைப் புரிந்துகொள்வது. உயர்நிலைப் பள்ளியின் எழுத்தறிவு அதனினும் விரிந்தது. சொல்லாமல் விட்டதை உணர்தல், சொன்னவர் குரலை அறிதல், ஒன்றைப் படித்து மற்றொன்றாக ஆக்குதல், இரண்டை ஒப்பிட்டு எது ஏற்கத்தக்கது எனக் காரணம் கூறுதல் ஆகியவை அவ்வயதிற்கு உரியன. இவை அனைத்தும் கலைப்பயிற்சியின் அடிப்படைத் திறன்களாகவும் இருத்தல் எண்ணத்தக்கது.

மரபு காட்டும் ஒருமை

கலையையும் எழுத்தையும் இணைத்தல் புதிதாக வந்த கொள்கை அன்று. இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒன்றாக்கி முத்தமிழ் என்ற மொழி நம் மொழி. 'எழுதுதல்' என்னும் சொல்லே பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் எழுத்துநிலை மண்டபம் என்றே சுட்டுகின்றது. அங்கு வந்தோர் ஓவியங்களைக் கண்டு, 'இவர் யார்? இந்நிகழ்ச்சி யாது?' என வினவ, அறிந்தோர் விளக்கும் காட்சியும் அப்பாடலில் உண்டு. பார்த்தல், வினவல், விளக்கல் என்னும் மூன்றும் ஒரு பாடவேளையின் அமைப்பாகவே அமைந்துள்ளன.

அரங்கேற்று காதையில் மாதவியின் கல்வி கூறப்படுகின்றது. ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறுகிறாள். அவளுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை விரித்துரைக்கும் இளங்கோவடிகள், அவர்களிடையே புலவனையும் வைத்துப் பேசுகிறார். ஆடற்கலைக்கும் மொழிவல்லான் ஒருவன் வேண்டும் என்பது அக்காலக் கருத்து. மொழிக்கல்விக்குக் கலைவல்லான் வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் கற்றலை ஓர் அளவாகவே பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டுக்கொள்வதால் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகிக் கற்பதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வருவது. நம் வகுப்பறை பெரும்பாலும் முதற் காற்பங்கிலேயே முடிந்துவிடுகின்றது. உடன்பயிலலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் இயல்பாக இடந்தருபவை நாடகம், இசை, ஓவியம் ஆகிய கலைகளே ஆகும்.

வகுக்கத்தக்க ஐந்து நோக்கங்கள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளை முடித்து வெளியேறும் மாணவர் செய்ய வல்லவராக வேண்டியவை எனக் கீழ்வரும் ஐந்தினை முன்வைக்கிறோம்.

1. முன்பின் அறியாத ஒரு பக்கத்தைப் பொருள் விளங்க வாய்விட்டுப் படித்தல். இது இசையோடு உறவுடையது. எங்கு நிறுத்துவது, எச்சொல்லை அழுத்துவது, எங்குக் குரலைத் தாழ்த்துவது என்பன பொருள் உணர்ந்தார்க்கே வரும். ஆதலால் நல்ல வாசிப்பைக் கேட்ட அளவிலேயே மாணவர்க்குப் பொருள் புரிந்ததா என ஆசிரியர் அறியலாம். இதற்குத் தனித்தேர்வு வேண்டியதில்லை.

2. கண்டதையும் கருதியதையும் வேறுபடுத்திக் கூறுதல். இது ஓவிய, சிற்பக் கல்வியின் முதற்பாடம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் படத்தை வகுப்பில் வைத்து, 'காண்பனவற்றை மட்டும் எழுதுக' எனலாம். ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் ஒருவர், யானைகள், பாறையின் நடுவே பிளவு, தவக்கோலத்தில் நிற்கும் பூனை, அதன் அருகே எலிகள் எனப் பட்டியல் வளரும். பின்னர், இது அருச்சுனன் தபசு என்பாரும் கங்கை இறங்கிய காட்சி என்பாரும் உளர் எனக் கூறி, 'இரண்டனுள் எதற்கு எச்சான்று துணைநிற்கும்?' என வினவலாம். பூனையைச் சுட்டாமல் எவரும் விடைகூறார். கைப்பேசியில் வரும் படத்தைக் கண்டவுடன் நம்பிப் பிறர்க்கு அனுப்பும் இக்காலத்தில், கண்டது எது, கருதியது எது என நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உயிர்காக்கும் எழுத்தறிவு ஆகும்.

3. படித்ததை வேறொரு வடிவில் ஆக்கிக் காட்டுதல். உரைநடைப் பகுதியைப் படமாக்கல், செய்யுளை உரையாடலாக்கல், புள்ளிவிவரத்தை வரைபடமாக்கல் ஆகியன இதில் அடங்கும். வடிவம் மாறும்போது புரியாத இடம் தானே வெளிப்பட்டுவிடும்.

4. பிறர் நிலையில் நின்று பேசுதல். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். இவ்வெட்டினையும் பட்டியலாக ஒப்பிக்கும் மாணவர் பலர். ஒரே வாக்கியத்தை அச்சத்தோடும் வெகுளியோடும் பெருமிதத்தோடும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்த மாணவரோ மிகச் சிலர்.

5. பிறர் படிப்பதற்காக எழுதுதல், எழுதியதைத் திருத்துதல். தேர்வுத்தாளை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். அதுவும் ஒரே ஒரு முறை. தெருக்குழாயில் நீர் வாராமை குறித்து ஊராட்சிக்கு ஒரு மடல், பள்ளி நூலகத்திற்கு ஓர் அறிவிப்புப் பலகை, ஊரில் வாழும் கைவினைஞர் ஒருவரைக் கண்டு எழுதிய செய்தி என உண்மையான வாசகர் உள்ள எழுத்தே திருத்தும் விருப்பத்தைத் தரும். எழுத்தின் அளவு, இடைவெளி, வண்ணம் ஆகியவற்றை எண்ணிப் பலகை எழுதும் மாணவர் ஒற்றுப்பிழையையும் எண்ணத் தொடங்குவார். நூறு பேர் நாள்தோறும் காணும் இடத்தில் பிழை நிற்பதை எவரும் விரும்பார்.

எல்லாவற்றையும் நடித்தும் வரைந்தும் காட்டுதல் வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உணர்ச்சி மிக்கது. வேடன் கையில் சிக்கிய பிணைமான், கன்றிற்குப் பாலூட்டித் திரும்புவதாக வாக்களிக்க, நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார்கள்; மான் சொன்னவாறே மீள்கிறது. நபிகள் நாயகத்தை உருவமாக வரைவதும் வேடமிட்டு நடிப்பதும் இசுலாமியர்க்கு ஏற்புடையன அல்ல. இதனை அறிந்த ஆசிரியர் அப்படலத்தை விட்டுவிட வேண்டியதில்லை. மானின் மொழிகளைக் குரல் வேறுபாட்டோடு படிக்கச் செய்யலாம். மாலைப்பொழுதின் காட்டை மட்டும் வரையச் செய்யலாம். வாக்குத் தவறாமை என்னும் கருத்தை அழகிய எழுத்துவடிவில் தீட்டச் செய்யலாம். உருவம் வரையாத மரபு எழுத்தையே ஓவியமாக்கியதை உலகின் பள்ளிவாசற் சுவர்கள் காட்டும். எதனை எவ்வாறு காட்டலாம், எதனைக் காட்டலாகாது எனத் தெளிதலும் கலைக்கல்வியின் ஒரு நோக்கமே.

ஒரு பாடவேளை : அரங்கை அளத்தல்

நோக்கங்களைத் தாளில் வகுத்தல் எளிது. வகுப்பறையில் அவை எவ்வாறு இயங்கும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம்.

அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவு சொல்லப்படுகின்றது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். உயரம் ஒரு கோல். அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். வாயில்கள் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்று. வழக்கமான வகுப்பில் இவை ஒரு மதிப்பெண் வினாக்களாகி முடியும்.

மாறாக, மாணவரை நான்கு குழுவாக்கி, சுண்ணக்கட்டியும் கயிறும் கொடுத்து, விளையாட்டுத் திடலில் அவ்வரங்கை வரையச் சொல்வோம். முதல் ஐயம் உடனே எழும்: விரல் என்பது எந்த விரல்? அதன் நீளமா, அகலமா? நீளம் எனக் கொண்ட குழுவின் அரங்கு திடலையே விழுங்கிவிடும். ஆகவே அகலம் எனத் தெளிவர். விரலின் அகலம் முக்கால் அங்குலம் எனக் கொண்டால் கோல் ஒன்றரை அடியாகும். அரங்கின் அகலம் பத்தரை அடி, நீளம் பன்னிரண்டு அடி, மேலிடைவெளி ஆறு அடி. கையை உயர்த்தி ஆடுபவளின் விரல் உத்தரத்தில் இடிக்குமே என ஒரு மாணவியேனும் கேட்பாள். பெருவிரலின் அகலம் ஓர் அங்குலம் எனக் கொண்டால் கோல் இரண்டு அடி. அகலம் பதினான்கு, நீளம் பதினாறு, மேலிடைவெளி எட்டு அடி. எது பொருந்தும்? விடைதேடி அவர்கள் மீண்டும் நூலுக்கே வருவர். உரையாசிரியர் யாது சொல்கிறார் எனக் கேட்பர். உரையை நாடும் பழக்கம் அந்த நொடியில் பிறக்கின்றது. ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல் இருத்தலே அப்பொழுது அவர் செய்யத்தக்க பணி.

இப்பாடவேளைக்குச் செலவு இரண்டு சுண்ணக்கட்டி. இதில் செய்யுள் உண்டு, கணக்கு உண்டு, வரைதல் உண்டு, அரங்கக் கலை உண்டு, தம் கருத்தை நிறுவும் பேச்சும் உண்டு. வகுப்பிற்குத் திரும்பியபின், 'எம் குழு இவ்வளவினை ஏன் ஏற்றது?' என அரைப்பக்கம் எழுதச் சொன்னால், எழுதுவதற்குப் பொருளில்லை என எவரும் கூறார்.

மதிப்பிடும் முறை

கலையைப் பாடத்தில் சேர்த்தவுடன் அதற்கும் மதிப்பெண் வைத்து, வழிகாட்டி நூல் அச்சிட்டு, படத்தையும் மனப்பாடம் செய்ய வைக்கும் இடர் உண்டு. இவ்விடரைத் தவிர்க்க இரண்டினைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு கோப்பு. அதில் முதல் வரைவும் திருத்திய வரைவும் அருகருகே இருத்தல் வேண்டும். வளர்ச்சியை மதிப்பிட இறுதிப்படி மட்டும் போதாது. இரண்டாவது, அழகுக்கு மதிப்பெண் இடாமை. கை தேர்ந்தவர் வரைந்த மானும் கை தேராதவர் வரைந்த மானும் ஒன்றாகா. ஆனால், 'இப்படத்தில் நூலின் எவ்வரியைக் காட்டியிருக்கிறாய்?' என்னும் வினாவிற்கு இருவரும் விடைகூற இயலும். அவ்விடையே மதிப்பிடத்தக்கது.

தடைகளும் விடைகளும்

'முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணே ஏணி. அவனிடம் ஓவியமும் நாடகமும் பேசுவது ஏணியைப் பறிப்பதாகும்' என்பார் உளர். இக்கூற்றை எளிதில் ஒதுக்குதல் தகாது. பீடி சுற்றியும் பாய் நெய்தும் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு மதிப்பெண் பட்டியல் ஒரு நம்பிக்கை. ஆயினும் அந்த ஏணி கல்லூரி வாயிலோடு முடிந்துவிடுகின்றது என்பதை நாள்தோறும் காண்பவர் நாம். நேர்முகத் தேர்வில் நடத்தாத பாடமே கேட்கப்படும். வங்கிப் படிவமும் வாடகை ஒப்பந்தமும் மருந்துச் சீட்டும் நடத்தாத பாடங்களே. பொருளுணர்ந்து படிக்கும் ஆற்றல் வசதி படைத்தவர் பிள்ளைக்கு வீட்டிலும் கிடைக்கலாம். எளியவர் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறிடம் இல்லை. ஆகவே இந்நோக்கங்கள் எளியவர்க்கே முதலில் உரியன.

பேராசிரியர் யஷ்பால் குழு 1993இல் அளித்த சுமையின்றிக் கற்றல் பற்றிய அறிக்கை, புத்தகப்பையின் எடையைவிடப் புரியாமை என்னும் சுமையே கொடிது என்றது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005இல் இசை, நடனம், நாடகம், காண்கலை ஆகிய நான்கினையும் பள்ளியின் எல்லா நிலைகளிலும் பாடமாக்கப் பரிந்துரைத்தது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய கலைத் திருவிழா, கிராமத்துப் பிள்ளைகளின் ஆற்றலை மேடைக்குக் கொணர்ந்தது பாராட்டத்தக்கது. எனினும் போட்டி என்பது வல்லவரைத் தேர்ந்தெடுக்கும். வகுப்பறையே எல்லாரையும் வல்லவராக்கும். இரண்டும் வேண்டும்.

'ஓவிய ஆசிரியர் இல்லை. இசை ஆசிரியர் இல்லை' என்பது அடுத்த தடை. அவர்களை அமர்த்துதல் அரசின் கடமையும் நிருவாகத்தின் கடமையுமாகும். அக்கோரிக்கையை நாம் கைவிடலாகாது. அதுவரை தமிழாசிரியர் தம் பாடவேளையிலேயே தொடங்கலாம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நிகழ்ந்தபோது, கலைக்குழுக்கள் பாட்டோடும் வீதிநாடகத்தோடும் ஊர்தோறும் சென்றன. கல்குவாரியில் உழைத்த பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பாட்டின் வழியாகவே பலர் எழுத்தின் பக்கம் வந்தனர். பள்ளிக்கு வெளியே முதியோர்க்கு இயன்றது, பள்ளிக்குள் இளையோர்க்கு இயலாதது ஏன்?

முடிவுரை

'நடத்தாத பாடம்' என்ற மாணவரை மீண்டும் நினைக்கிறோம். அவ்வாண்டு நம் துறையின் முத்தமிழ் விழா நாடகத்தில் அவருக்கு ஊர்த் தலையாரி வேடம் கொடுத்தோம். அவர் பேச வேண்டியவை பதினொரு வரிகள். அவற்றைத் தம் கையால் எழுதி, நிறுத்தும் இடந்தோறும் கோடிட்டுக்கொண்டு, ஒத்திகைக்கு வந்தார். மூன்றாம் நாள், "ஐயா, இந்த இடத்தில் இவன் கோபமாகப் பேசுகிறானா, பயந்துபோய்ப் பேசுகிறானா?" என்று கேட்டார். ஓர் எழுத்துப் பகுதியைக் குறித்து அவர் நம்மிடம் கேட்ட முதல் வினா அது. நாடகம் அவருடைய ஒற்றுப்பிழைகளை நீக்கிவிடவில்லை. இறுதியாண்டு வரையிலும் அவை இருந்தன. ஆனால் தெரியாத பக்கத்தைக் கண்டு அவர் பின்னர் வாயடைத்து நிற்கவில்லை. 'இதைச் சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்?' என வினவிக்கொண்டே படித்தார்.

அவ்வினா அவருக்குப் பதினெட்டாம் வயதில் வந்தது. பதினான்காம் வயதிலேயே வந்திருக்க வேண்டும் என்பதே நம் ஆதங்கம். அதற்கு உரிய இடம் உயர்நிலைப் பள்ளி. உரிய வழி, எழுத்தையும் கலையையும் ஒரே நோக்கத்தில் வைப்பது. இவ்வாண்டு தொட்டு நம் துறையின் அகமதிப்பீட்டில் முன்பின் அறியாத பகுதியொன்றைப் படித்துப் பொருள் கூறும் பயிற்சியைச் சேர்க்க எண்ணியுள்ளோம். பள்ளி ஆசிரியர்களாகப் பணியேற்றுள்ள நம் துறையின் முன்னாள் மாணவர்களை நாம் வேண்டுவது ஒன்றே. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் புத்தகத்தை மூடிவைக்காமல், அதனைக் கையில் ஏந்திக்கொண்டே பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அளக்கட்டும், வரையட்டும், பேசிப் பார்க்கட்டும், பின்னர் எழுதட்டும். அத்தகையோர் நம் கல்லூரிக்கு வரும் நாளில், நாளிதழ்ப் பத்தியை நாம் நீட்டும்போது, அது நடத்திய பாடமா நடத்தாத பாடமா என்று எவரும் கேளார்.